மீதி பத்தொன்பது

“கட்டின பொண்டாட்டியா, அந்த நம்பரான்னு இன்னைக்கே சொல்லிடுங்க.”

“கொஞ்சம் பொறுடி. எதாலயாவது வகுபட்டுச்சுன்னா நாளைக்கே ஆபரேஷனுக்கு வரேன். அப்புறம் மக வீட்டுலயே இருந்துடலாம்.”

“அது வகுபடுறதுக்குள்ள உங்க நெஞ்சு ரெண்டாப் போயிடும்.”

அண்ணனும் அண்ணியும்தான். நான் பக்கத்து அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பழைய மோட்டாரின் தகட்டில் அந்த எண்ணைப் பார்த்தார்: 99730189487. பார்த்ததுமே பகா எண் என்று முடிவு கட்டிவிட்டார். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும். “அதுகிட்ட கேக்கவா நான் கை வெச்சிருக்கேன்?” என்பார்.

மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே இருபத்தேழாயிரத்துக்கு மேல். ஒன்றிலும் ஏழிலும் முடிபவை அவருக்கு, மூன்றிலும் ஒன்பதிலும் முடிபவை எனக்கு. நாளுக்கு ஆளுக்குப் பத்து. சாயங்காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து, மீதிக் கட்டத்தை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டுவோம். நான் தனிக்கட்டை. எனக்கென்று இருந்தது அந்த மேசைதான்.

தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். அன்று என் பங்கில் 9973 வந்தது. விடை ஒரு கோடியே பத்தொன்பது. மீதி ஒன்றுமில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அப்போதுதான் அந்தச் சண்டை காதில் விழுந்தது.

விடையின் வாலில் இருந்த பத்தொன்பதை எடுத்து மீதிக் கட்டத்தில் எழுதினேன்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “பத்தொன்பதா? பாத்தியாடா, அசையுதா பாரு,” என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நாளாகியிருந்தது.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் இரண்டு வருஷம் எட்டு மாதம் தாங்கினார். அந்த மேசைதான் அவரைத் தாங்கியது என்று நினைக்கிறேன். அதிலேயே தலை சாய்ந்தார்.

எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். தலையிலேயே எழுதியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான் எழுதிய மீதியைத்தான் பார்த்தார். இப்போது மேசைக்குப் போனால் எதிர்ப் பக்கத்தில் பென்சில் உரசுகிறது. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது.

போன வாரம் அண்ணி அவர் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

“மிச்சத்தை நீங்க முடிச்சிடுங்க தம்பி. அது பகா எண்தான்னு தெரிஞ்சாப் போதும், அவர் வீணாப் போகலைன்னு மனசு ஆறும். அதுவரைக்கும் நான் மக வீட்டுக்குப் போகல.”

இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி. இருபது இருபதாகப் போட்டால் சீக்கிரம் முடியும். ஆனால் அவசரத்தில் தப்பு வந்துவிடும் என்று நாளுக்குப் பத்தே போடுகிறேன். முடிந்ததும் பகா எண்தான் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அண்ணிக்கும் நிம்மதி.

நான் செய்வது சரிதானே? படித்தவர்கள் யாராவது பதில் எழுதுங்கள்.