கட்டுக்குள்ளே உப்பு

— வலிக்கவே செய்யாத காலை வெட்டணுமாம்! ஏட்டி பேபி, செருப்பை எடு. வெட்டுவேன்னு சொன்ன நாக்கை நான் அறுக்கதுக்கு முந்தி வீட்டுக்குப் போவோம்.

— சத்தம் போடாதீங்க ஏசுஅடிமை அண்ணா. சுகர் கூடி நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல. சுனாமியில தகரம் கிழிச்ச புண்ணு, ஏழு வருசமா ஆறல. இப்ப அது கேன்சர்.

— புண்ணு எப்பிடி டாக்டரம்மா கேன்சராவும்?

— பேபியக்கா, புண்ணு பட்டா உடம்பு கூப்பாடு போடும். ஓடி வா, கிருமியைக் கொல்லு, புதுத்தசை வளருன்னு. ஆறினதும் அது அடங்கணும். இவருக்கு ஏழு வருசமா அடங்கல. வளரு வளருன்னு கேட்டுக் கேட்டுத் தசைக்கே வெறி பிடிச்சிட்டு. சுகர் இறங்காததுக்கும் அந்தக் கூப்பாடு ஒரு காரணம்.

— எங்க வீடு மாதிரியாக்கும்.

— என்னட்டி முணுமுணுக்கே? பல்லைத் தட்டிக் கையில தந்திருவேன்.

— எழும்பி வாரும், பாப்போம்.

— சுயம்பு அண்ணா, இவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போங்க... அக்கா, கதவைச் சாத்துங்க. இங்க படுக்க வைக்கும்போதெல்லாம் புண்ணு மூட வருது. வீட்டுக்குப் போனா திறக்குது. இன்னைக்குக் கட்டைப் பிரிச்சேன். உள்ள பரல் உப்பு.

— கருவாட்டுக்காரிக்க கை டாக்டரம்மா. உப்பு ஒட்டாதா?

— ஒட்டினது இல்ல. வச்சுக் கட்டினது.

— உசிரு தப்புமா? அதைச் சொல்லுங்க.

— தொடையிடுக்குல நெறி கட்டல, கேன்சர் மேல பரவல. காலை எடுத்தா தப்பலாம். அக்கா, ஏன் செஞ்சீங்க?

— எனக்க மவ பிரிஜா சாஞ்சு நடக்காளே, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்?

— சுனாமியில அடிபட்டான்னு.

— கடலு அவளைத் தொடவே இல்ல. மறு வருசம் ஈஸ்டருக்கு இவருக்குப் புண்ணு நல்லா ஆறிச்சு. எழும்பி நின்னாரு. மொதல் சவுட்டு, அந்தக் காலாலேயே, அவ இடுப்புல. ஒம்பது வயசுப் பிள்ள. எலும்பு ஒடிஞ்ச சத்தம் இப்பவும் காதுல கிடக்கு.

— யாருட்டயும் சொல்லலியா?

— சொன்னேன். ஊரு கூடி இவரை மன்னிச்சிருன்னு என்னட்ட சொல்லிச்சு. நானும் தலையாட்டினேன். அவருக்க கால்ல பழைய தழும்பை நானே கீறினேன். அன்னையிலேருந்து தோலு மூட வரும்போதெல்லாம் நாலு பரலு.

— அக்கா! அந்தப் புண்ணு இப்ப அவரைக் கொல்லப் பாக்குது.

— சத்தியமா அறியல்ல டாக்டரம்மா. நான் அவருக்க காலைத்தான் கேட்டேன். உசிரைக் கேக்கல்ல.