குபேர லிங்கம் தாண்டி

"பாஸ்புக்கை எதுக்குடி கிரிவலத்துக்குத் தூக்கிட்டு வந்த?"

பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குபேர லிங்கத்தைத் தாண்டியதும் எனக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்களில் மூத்தவள்தான் இப்படிக் கேட்டாள். இளையவள் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அதுவும் ஒரு சுத்து சுத்தட்டுமேக்கா. நேத்து பதிய வெச்சப்போ அறுபதாயிரம் ஏறியிருந்துச்சு. யாரோட பணம்னு தெரியல. கேக்கறதுக்குள்ள கவுன்டரை மூடிட்டாங்க."

"பேசாம இருந்துடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாரோ நெலத்துல வெளைஞ்ச மல்லாட்டை வித்த காசா இருக்கும்க்கா. பாவம், தேடுவாங்க. காலையில மொத வேலையா போய்ச் சொல்லிடுவேன்."

எதிரே நிலா மேலே வந்துகொண்டிருந்தது. நான் நடையைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அப்போ குபேர லிங்கத்துல அவ்ளோ நேரம் நின்னு என்னதான் வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணுமே கேக்கலக்கா. எப்பவும் வூட்டு வாடகை, பையனுக்கு பீஸுனு கண்ண மூடிக்கிட்டு அழுவேன். இன்னிக்குக் கேக்கறதுக்கு எதுவும் தோணல. கண்ணைத் தொறந்துக்கிட்டு சும்மா நின்னேன். இத்தினி வருஷமா வர்றேன், இன்னிக்குத்தான்க்கா சாமியப் பாத்தேன்."