ஆர்னி பிடித்த ஈஸ்ட்

— மேப்பை அப்படி விரிக்காதே ரெய்னோ, ஏரிக்காத்து தூக்கிட்டுப் போயிடும். ரெண்டு விறகை மேலே வை.

— வெச்சாச்சு. இப்ப பாரேன் மார்லிஸ். இதோ நாம. இங்கேருந்து முதல்ல காப்பர் ஹார்பர். திரும்பி வந்து ஒண்டொனாகன். அப்புறம் கிழக்கே இஷ்பெமிங், கடைசியா கிராண்ட் மரே. நாலு ஊரு, நாலு பீர் ஆலை. பனி விழறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்.

— நான் வரேன்னு எப்போ சொன்னேன்?

— வரலைன்னும் சொல்லலையே.

— விறகு அடுக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். அதை எடு. பெரிசு இல்ல, பக்கத்துல இருக்கிறது.

— இந்தா. பாரேன், உன் ஸ்கூல் பஸ்ஸுக்கு மாத்து ஆள் கிடைச்சாச்சு. நான் விசாரிச்சுட்டேன்.

— என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல போய்க் கேட்டியா?

— நான் ஓட்டினா போற இடத்துல குடிக்க முடியாதே. குடிக்காம எப்படி ருசி பார்க்கிறது?

— ஓஹோ. உனக்கு டிரைவர் வேணும்.

— வழியில கறியும் உருளைக்கிழங்கும் அடைச்ச பாஸ்டி வாங்கித் தரேன். சூடா.

— பாஸ்டி மேல கிரேவியை ஊத்தித் தின்றவனோட நான் ஒரே வண்டியில உக்கார மாட்டேன். கெச்சப்புக்கு மாறு, அப்புறம் பேசலாம்.

— டிரைவர் வேற யாராவது கிடைப்பாங்க மார்லிஸ். எனக்கு வேண்டியது உன் மூக்கு.

— என் மூக்கா?

— உன் மூக்குதான். என்ன, விறகைக் கீழே போட்டுட்டே?

— ஆர்னி போய் மூணு வருஷமாச்சு. என் புருஷனும் நீயும், அண்ணன் தம்பியா நடத்தின ஆலை அது. உங்க அண்ணன் போனப்புறம் நான் அந்த வாசல்ல கால் வைக்கலை. ஏன்னு நீ ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

— காரணம் தெரியும். அதான் கேக்கலை.

— தெரிஞ்சா சொல்லு.

— அவனோட ஈஸ்ட்டை நான் கொன்னுட்டேன்.

— ம்.

— வேணும்னு செய்யலை. ஒவ்வொரு தடவையும் பீர் கொஞ்சம் மாறி மாறி வந்தது. குளிர்காலத்துல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி. பெரிய கடைக்காரங்க, எல்லா டின்னுலயும் ஒரே ருசி இருந்தாத்தான் எடுப்போம்னாங்க. பாக்கெட்டுல வர்ற ஈஸ்ட்டை வாங்கினேன். புதுசு உள்ளே வரணும்னா பழசு ஒரு இடுக்குலகூட ஒட்டியிருக்கக் கூடாது, அதுதான் பாடம். தொட்டி, குழாய், வாளி, மூடி எல்லாத்தையும் கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கழுவினேன். மூணு தடவை கழுவினேன். ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கேன்னு அன்னிக்கு எனக்குப் பெருமை வேற.

— பீர் காய்ச்சற ஆளுங்க எல்லாருக்கும் இந்த வியாதிதான். கண்ணுல படறதையெல்லாம் கழுவறது.

— ஒரு பாட்டில்ல கொஞ்சம் எடுத்து வைக்கணும்னுகூடத் தோணலை.

— அன்னிக்கு உன் ஆலை ஜன்னல்லேருந்து ஆவி ரோடு வரைக்கும் வந்துச்சு. ரோடு முழுக்க அவன் சட்டை வாசனை. நான் பஸ்ஸை ஓரம் கட்டிட்டேன். பிள்ளைங்கல்லாம் ஏன் நிக்குது ஏன் நிக்குதுன்னு கேக்குதுங்க. பஸ்ஸு சூடாயிடுச்சுன்னு சொன்னேன்.

— இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே.

— சொல்லி? விறகைக் கொடு.

— இந்தா. சரி, இப்ப நான் சொல்றதைக் கேளு. போன மாசம் ஒண்டொனாகன் பக்கம் போயிருந்தேன். நல்ல மழை. பெவர்லி நடத்தற ஆலையில ஒதுங்கி, கறுப்பு பீர் ஒண்ணு கேட்டேன். ஒரு வாய்தான் குடிச்சேன் மார்லிஸ். கிளாஸை வெச்சுட்டு வெளியே போய் அந்த மழையிலயே நின்னுட்டேன்.

— ஏன்?

— அதுல ஆர்னி இருந்தான்.

— உளறாதே.

— வறுத்த பார்லி, காப்பிக் கசப்பு, எல்லாத்துக்கும் அடியில அது இருந்தது. பேரிக்காயை அப்போதான் வெட்டின மாதிரி ஒரு வாசனை, அதுக்குப் பின்னாடி நனைஞ்ச கல்லு. நாங்க கறுப்பு பீர் போட்டதே கிடையாது, ஆனா அது எங்களோடதுதான். அவன் வந்து என் முதுகுக்குப் பின்னாடி நிக்கற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். சிரிக்காதே.

— நான் சிரிக்கலை.

— நினைச்சுப் பாரேன். ஒரே ஒரு ராத்திரி. பார்லித் தண்ணியை ஜாடி ஜாடியா ஊத்தி, கரையோரம் திம்பிள்பெர்ரிப் புதருக்கு அடியில மூடாம வெச்சுட்டு வந்தான். காத்துல என்ன ஈஸ்ட் வந்து விழுதோ விழட்டும்னு. எல்லா ஜாடியும் அழுகிப் போச்சு. ஒண்ணு மட்டும் நாறலை.

— நாறலையா? என் சமையல்கட்டுல இருந்தது அது. முதல் வாரம் ஈர சாக்ஸ் மாதிரி இருந்தது. இதைத் தூக்கிப் போடு, இல்லேன்னா நான் வீட்டை விட்டுப் போறேன்னேன்.

— என்ன சொன்னான்?

— யோசிச்சுச் சொல்றேன்னான்.

— ஆர்னிதான். ஆனா மார்லிஸ், அது எங்கேருந்து வந்தது? இலையிலேருந்தா, ஏரிக்கு அந்தப் பக்கத்துலேருந்தா? ஒருத்தருக்கும் தெரியாது. மைக்ராஸ்கோப்புல வெச்சு எனக்குக் காட்டினான். உருண்டையா ஒண்ணு, பக்கத்துல சின்னதா மொட்டு விட்டு, அந்த மொட்டு இன்னொண்ணாகி, அது மறுபடி மொட்டு விட்டு... எது அம்மா, எது பிள்ளைன்னு கேட்டேன். சும்மா பாத்துக்கிட்டிருன்னான். கண்ணு வலிக்கிற வரைக்கும் பாத்தோம். அன்னிக்குக் காத்துல வந்து விழுந்தது, இதோ நாம பேசிக்கிட்டிருக்கிற இந்த நிமிஷம், ஒண்டொனாகன்ல ஒரு தொட்டி நிறைய நுரைச்சுக்கிட்டிருக்கு. அவன் மண்ணுக்குள்ள இருக்கான். அவன் பிடிச்சது உயிரோட இருக்கு. அதை நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகுது.

— மத்த மூணு ஊரு எங்கேருந்து வந்தது?

— லாரி ஓட்டறவங்க, பார்ல வேலை செய்யறவங்க, எல்லாரையும் கேட்டேன். பேரிக்காய் வாசனை அடிக்கிற பீர் வேற எங்கே குடிச்சீங்கன்னு. இந்த மூணு ஊரைச் சொன்னாங்க. எப்பவோ யாரோ ஈஸ்ட் தீர்ந்துபோய் வாளியோட வந்திருப்பாங்க, ஆர்னி ஊத்திக் கொடுத்திருப்பான். வாளியோட வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக்கூடாது, அது எங்க தொழில்ல வழக்கம். அப்புறம் அவங்க இன்னொருத்தருக்குக் கொடுத்திருப்பாங்க.

— நீ கொடுத்திருக்கியா யாருக்காவது?

— போன வருஷம் ஒருத்தன் வாளியோட வந்தான். பாக்கெட்டுல விக்குது, வாங்கிக்கோன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— ம்.

— அந்த 'ம்'முக்குப் பதிலா ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

— கையில விறகு இருக்கு, வேண்டாம். ஒண்டொனாகன்லதான் கண்டுபிடிச்சுட்டியே, பெவர்லிகிட்ட அப்பவே கேட்டு வாங்க வேண்டியதுதானே? நாலு ஊரு எதுக்கு?

— ஒவ்வொரு ஆலையிலயும் அது கொஞ்சம் கொஞ்சமா மாறிப் போகும். தண்ணி வேற, தொட்டி வேற, காய்ச்சற கை வேற. நாலுல எது ஆர்னிக்குக் கிட்டத்துல இருக்குன்னு உன் மூக்கு ஒண்ணுதான் சொல்லும். அது ஒரு காரணம்.

— இன்னொண்ணு?

— பெவர்லிக்கு நான் யாருன்னு தெரியாது, வெளியே வந்து என்னாச்சுன்னு கேட்டா. எங்க அண்ணன் எனக்கு விட்டுட்டுப் போனதை நான் கழுவி ஊத்திட்டேன், உங்ககிட்ட இருக்கிறதுல ஒரு வாளி கொடுங்கன்னு எப்படிக் கேக்கறது? நானே ஒருத்தனை விரட்டி அனுப்பினவன். வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— அவ பீரைக் குடிச்சு வயிறு கெட்டுப்போச்சுன்னு அவகிட்டயே சொன்னியா?

— ஆமா.

— கடவுளே.

— நீ கூட நின்னா கேட்டுடுவேன் மார்லிஸ். நாலு பேரும் முடியாதுன்னா, ஆலையை மூடிடறேன். ஆர்னி பேரை டின்னுல போட்டு வேற எதையோ வித்துக்கிட்டு எவ்வளவு நாள் இருக்கிறது?

— மேப்பைத் திருப்பு.

— என்ன?

— என் பக்கம் திருப்பு. காப்பர் ஹார்பரை முதல்ல வைக்காதே. அங்கே ரோடே முடிஞ்சுபோகுது, வந்த வழியேதான் திரும்பணும். அதைக் கடைசியா வெச்சுக்கோ. கிராண்ட் மரேக்குக் காலையில போயிடணும், மத்தியானத்துக்கு மேல அந்த ஆளு மீன் பிடிக்கப் போயிடுவான். நாய் குலைக்கும், கடிக்காது. இஷ்பெமிங்ல தொட்டியெல்லாம் நிலவறையில இருக்கு. படி செங்குத்து. வாளியைத் தூக்கிட்டு இறங்கறப்போ சுவரைப் பிடிச்சுக்கணும்.

— இரு. உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?

— சொல்றேன். முதல்ல அந்த மரத்துண்டு மேல உக்காரு.

— மார்லிஸ், நீ நம்ம ஆலையைத் தவிர வேற எந்த ஆலைக்கும் போனவளே இல்லையே.

— ஆர்னியோட கடைசி அக்டோபர்ல நாங்க ரெண்டு பேரும் எங்கே போனோம்?

— டுலூத் ஆஸ்பத்திரிக்கு. புது மருந்து ஏத்தணும்னு சொல்லிட்டுப் போனீங்க.

— டுலூத்துக்குப் போகலை. மருந்து போதும்னு அவன் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டான். உங்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவேன்னு சொல்லலை. இந்த நாலு ஊருக்குத்தான் போனோம். நான் ஓட்டினேன். பின்சீட்டுல ஈஸ்ட் வாளிங்க, சுத்தி ஐஸ் கொட்டி, சீட் பெல்ட் போட்டு. மேடு பள்ளம் வந்தா, பாத்துப் போ, தூங்கறாங்கன்னு சொல்வான்.

— யாரும் கேக்காமயா கொண்டுபோய்க் கொடுத்தான்?

— யாரும் கேக்கலை. அவனால வாளியைத் தூக்கவும் முடியலை, நான்தான் தூக்கினேன். கிராண்ட் மரேல அந்த ஆளு மூடியைத் திறந்தான். உள்ளே அது மெதுவா பொங்கி பொங்கி அடங்குது, மூச்சு விடற சத்தம் கேக்குது. பக்கத்துல சுவத்துல சாஞ்சுக்கிட்டு ஆர்னி மூச்சு வாங்கறான். ரெண்டு சத்தத்தையும் கேட்டுக்கிட்டு நின்னேன் ரெய்னோ. எது எதுன்னு பிரிக்க முடியலை. சர்ச்சுலகூட நான் அப்படி நின்னதில்லை.

— எதுக்காகக் கொடுத்தான்?

— என் தம்பி சுத்தக்காரன், நான் போனதும் எல்லாத்தையும் கழுவிடுவான்னான். கோவமா இல்லை. உன் சின்ன வயசுக் குறும்பைச் சொல்ற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

— தெரிஞ்சிருக்கு அவனுக்கு. நான் செய்யறதுக்கு முன்னாடியே.

— ம்.

— இத்தனை நாளா நீயும் ஒரு வார்த்தை சொல்லலை.

— சொல்லாதேன்னான். தானா தேடி வந்து கேட்டாத்தான் அப்புறம் அதை விடமாட்டான்னான். எனக்கு அதுல சம்மதம் இல்லை. ஆனா உன்மேல இருந்த கோவத்துல வாயை மூடிட்டிருக்கிறது சுலபமா இருந்தது.

— அப்போ நாலு பேருக்கும் தெரியும். நான் என்ன செய்வேன்னு அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருப்பான். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி போய் வாளியோட நிக்கறது?

— வாளி எடுத்துட்டுப் போக வேண்டாம். வருஷா வருஷம் அந்த நாலு பேரும் எனக்கு போன் பண்றாங்க, கேக்கறது ஒரே கேள்விதான்: "உங்க கொழுந்தன் இன்னும் வரலையா? அவருக்குன்னு ஒரு வாளி எடுத்து வெச்சிருக்கோமே."