கதவு அண்ணனோடு சண்டை போட்டவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் கால்பந்துக் கழகத்தின் மூத்த ஆட்டக்காரர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகள்களே, எங்களைத் தோற்கடிப்பதையே பிறவிப் பயனாகக் கொண்டிருந்து இன்று எங்களோடு அழ வந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, நின்றுகொண்டும் சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே! மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கம்பெனி அதிகாரி அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம்.

பின்னாலிருந்து சத்தம் வருகிறது. "அந்தாளை யாரு கூப்பிட்டது?" என்று கேட்கிறீர்கள். யாரும் கூப்பிடவில்லை ஐயா. துக்கம் கேட்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்தவரை வாசலில் மறித்து "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கும் இடத்துக்கு நாம் வந்துவிட்டோமா? வந்துவிட்டோம் என்றால் சொல்லுங்கள், இந்த மைக்கை இங்கேயே வைத்துவிட்டு நான் இறங்கிவிடுகிறேன்.

நல்லது. உட்காருங்கள். தொடர்கிறேன்.

இவன் ஏன் பேசுகிறான் என்று உங்களில் பாதிப்பேர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். நியாயமான முணுமுணுப்புதான். கழகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஊரைக் கூட்டியவன் நான். மருந்துக்கடை நடத்துகிறவன், கடைக்கு வந்தவர்களுக்கு இருமல் மருந்தோடு சேர்த்து என் கட்சியையும் புகட்டியவன். கடைசி ஓராண்டில் கதவு அண்ணனோடு என் அளவுக்குச் சண்டை போட்டவர் இந்த மண்டபத்தில் கிடையாது. அதைத்தான் அண்ணியிடமும் சொன்னேன். "நான் பேசினா நல்லா இருக்காது அண்ணி, வேற யாராவது பேசட்டும்" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாராட்டுறவங்க எல்லாம் அவரைச் சாமியாக்கிடுவாங்க. அவரு எப்படி இருந்தாருன்னு சண்டை போட்ட உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பேசுங்க" என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறேன்.

யார் இந்தக் கதவு அண்ணன்? நம் பின்வரிசையின் நடுவில் நின்று ஆடியவர். எதிரணிக்காரன் பந்தோடு ஓடிவருவான், இவரிடம் வந்து முட்டுவான், பந்தில்லாமல் திரும்பிப் போவான். அப்போதெல்லாம் "கதவு சாத்தியாச்சு!" என்று நாம் கத்துவோமே, அந்தக் கத்தல்தான் அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. ஆட்டத்தை விட்ட பிறகு கழகத்தின் தலைவரானார். போட்டியிட்டு ஆகவில்லை, வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்காரச் சம்மதிக்காததால் ஆனார்!

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் இவரைத்தான் அழைப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவார்கள், அழுவார்கள். இவர் போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, கயிறு அறுந்து விழாது, அதெல்லாம் சினிமாலதான். ஞாயித்துக்கிழமை மேட்ச் பாத்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் ஒரு பக்கம் ஆட்டத்தை விவரிக்கும். உள்ளே இருப்பவர் வெளியே வரும்போது பாதி ரசிகராகிவிட்டிருப்பார். அப்படி லிஃப்டில் மாட்டி, அப்படியே கழகத்திலும் மாட்டிக்கொண்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சிரிக்கிறீர்களே அம்மா, நீங்களும் அப்படி வந்தவர்தானே!

சிரிப்பதற்கு இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது கசக்கும்.

கிடங்குகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கிடக்கிறது நம் மைதானம். மழை பெய்தால் ஒரு மூலை குளமாகும், வெயில் அடித்தால் அதே மூலை பாறையாகும். அந்த மூலையில்தான் என் கூடப்பிறந்த அண்ணனின் மகன் விழுந்தான். வலப்பக்க ஓரத்தில் அவன் ஓடும் ஓட்டத்தைப் பார்க்கவென்றே வருவீர்களே, அந்தப் பிள்ளைதான். குழியில் கால் மடங்கியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் இல்லை. உடைமாற்றும் அறையின் மேசையைப் புரட்டிப் போட்டு, அதில் வைத்துத் தூக்கினோம்.

அதற்குப் பிறகுதான் கழகத்தை வாங்கக் கம்பெனி வந்தது. புதிய புல்தரை, விளக்குக் கம்பங்கள், கூரை போட்ட பார்வையாளர் மாடம், ஆட்டக்காரருக்குச் சம்பளம், அணிக்கென்று மருத்துவர். பதிலுக்குக் கழகம் அவர்களுடையதாகிவிடும். நிறம் மாறும், பெயர் மாறும், தலைவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்களே சொல்லுங்கள், அந்த மேசையின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவன், மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டபின் வேறெதைக் காதில் வாங்குவான்?

ஊர் இரண்டானது. தேநீர்க் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு கடை தேடினார்கள். "அப்பா காலத்துக் கிளப்பு, அதை விக்கிறதா?" என்றது ஒரு கூட்டம். "அப்பா காலத்து ஓட்டையும் சேர்த்துத்தானே வச்சிருக்கீங்க, மழைக்கு ஒழுகுது பாருங்க" என்றது என் கூட்டம். மைத்துனனோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகாதவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லட்டும் பார்ப்போம்!

வாக்கெடுப்பு நடந்த அந்தப் பொதுக்கூட்டத்தை மறந்துவிடுவோமா? கைகளை எண்ணினார்கள். சரி பாதி. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சரி பாதி. சமநிலை வந்தால் தலைவரின் வாக்கு முடிவு செய்யும் என்பது நம் விதி. அண்ணன் விற்பதற்கு எதிரானவர் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய ஆட்கள் வெற்றி கிடைத்துவிட்டதாக எழுந்து ஆடவே தொடங்கிவிட்டார்கள். நாங்கள் வெளிநடப்புக்குத் தயாராக நின்றோம். அவர் எழுந்தார். கையைத் தூக்கவில்லை.

"பாதிப்பேர் வேண்டாம்னு சொல்றப்ப இதை எப்படி விக்கிறது? பாதிப்பேர் வித்துடலாம்னு சொல்றப்ப எப்படிப் பூட்டி வச்சுக்கிறது? ஒத்தை ஆள் கையில ஒரு கிளப்பு நிக்கக் கூடாது. அடுத்த சீசன் முடிஞ்சதும் திரும்பக் கை தூக்குவோம். அதுவரைக்கும் நான் எல்லார் வீட்டுக்கும் வரேன்."

எப்படி இருந்தது அந்த மண்டபம்! நாங்கள் திட்டினோம், அது எதிர்பார்த்ததுதான். அவருடைய சொந்த ஆட்களே "கோழை!" என்று கத்தினார்கள். நாற்காலி ஒன்று பறந்து வந்து மேடையில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து நிமிர்த்திவைத்துவிட்டு, "யாருதுப்பா இது, உக்கார இடமில்லாம நிக்கப் போறீங்க" என்றார். வீசியவரின் முகம் எனக்குத் தெரியும். இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை.

சொன்னபடி வீடுவீடாகப் போனார். முதல் படியாக என் கடைப்படி ஏறினார்.

"நீ கம்பெனி வேணும்னு சொல்லலை. டாக்டர் வேணும்னு சொல்ற" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான். உங்களால டாக்டரைக் கொண்டுவர முடியுமா?" என்றேன்.

"ஒரு சீசன் குடு."

"குடுக்க மாட்டேன். எங்க வீட்டுப் பிள்ளை கால் போயிருக்கு, உங்களுக்கு சீசன் கேக்குதா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் மருந்து வாங்காமலே போய்விட்டார்கள். அவர் கோபப்பட்டாரா? இல்லை. "நீ குடுக்காட்டியும் நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

போனவர் என்ன செய்தார்? பெரிய மருத்துவமனையில் பிசியோதெரபி செய்யும் அம்மாவைப் பார்க்க, நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்தார். அவர் முறை வந்தது. அந்த அம்மா, "எங்க வலி?" என்று கேட்டார். அண்ணன், "கிரவுண்டுல" என்றார்! அன்று துரத்திவிட்டார்கள். மறுபடி போனார். மறுபடியும் போனார். இப்போது அந்த அம்மா வாரந்தோறும் நம் மைதானத்துக்கு வருகிறார். முதன்முதலில் அவர் கைவைத்த கால் என் அண்ணன் மகனின் கால்.

அடுத்து அந்தக் குழி மூலை. சாலை போடும் இடத்தில் நின்ற ரோடு ரோலர் ஓட்டுநரைப் பிடித்தார். அவரோ எதிரணியின் தீவிர ரசிகர். "உங்க கிரவுண்டை நான் எதுக்கு சமன் பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறார். "எங்களை நீங்க ஜெயிக்கிறப்ப, குழி இருந்ததாலதான் தோத்தோம்னு நாங்க சொல்லிக்கிட்டே இருக்கோம். அந்தச் சாக்கை ஒழிச்சிடுங்க" என்றாராம் அண்ணன். அந்த மனிதர் தன் விடுமுறை நாளில் வந்து உருட்டிக் கொடுத்தார். எதிரணித் தலைவர் தலையாட்டுகிறார். அனுப்பி வைத்ததே அவர்தான் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. நன்றி ஐயா. அடுத்த ஆட்டத்தில் இதற்காகவெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அண்ணன் கம்பெனிக்கும் போனார். அதிகாரி அவர்களே, நீங்கள் அவரை மதித்து உட்காரவைத்தீர்கள், தேநீர் கொடுத்தீர்கள். அதை அவர் என்னிடம் சொன்னார். அவர் ஒரே கேள்வி கேட்டார். "டீம் தோத்துக்கிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்க?" "வித்துடுவோம்" என்றீர்கள். "யாருக்கு?" "யாரு வாங்குறாங்களோ அவங்களுக்கு." மழுப்பியிருக்கலாம், இனிக்க இனிக்கப் பேசியிருக்கலாம். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அண்ணன் அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பதிலைச் சொன்னார். கூடவே, "அந்த மனுசன் பொய் சொல்லலை, அவரை யாரும் ஏசக் கூடாது. லைட்டும் மாடமும் தரேன்னு சொன்னதும் உண்மைதான்" என்று உங்கள் பக்கத்தையும் சேர்த்தே சொன்னார். நண்பர்களே! எதிரியின் வாதத்தையும் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த தலைவரை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்ததில்லை. நான் அப்படிச் செய்ததும் இல்லை.

வேலைக்குப் போன இடத்தில், மொட்டை மாடி லிஃப்ட் அறையில், அவர் இதயம் நின்றது. உதவிக்குப் போனவர் தண்ணீர் எடுத்துவந்து பார்க்கையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அடக்கம் முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டீர்கள். "கம்பெனிக்காரன் கொடுத்த நெருக்கடியில செத்தாரு" என்கிறது ஒரு பக்கம். "கோழைன்னு திட்டினாங்களே, அதுல மனசு ஒடிஞ்சு செத்தாரு" என்கிறது மறுபக்கம். நேற்று மைதான வாசலில் இதற்காகச் சட்டையைப் பிடித்திருக்கிறீர்கள். இன்றைக்கும் அதே நோக்கத்தோடு சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். கேளுங்கள்! அவர் இதயத்தில் அடைப்பு இருந்தது. இந்தச் சண்டைக்கெல்லாம் வெகுகாலம் முன்பே மருத்துவர் சொன்னது. அண்ணிக்குத் தெரியும், நமக்குத்தான் சொல்லவில்லை. சொன்னால் "பாவம், அவரை வருத்தப்பட வைக்காதீங்க" என்று நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுவீர்களாம். இரக்கத்தில் கிடைக்கிற கை தனக்கு வேண்டாமாம். இதை இந்தக் கூட்டத்தில் சொல்லச் சொன்னது அண்ணி. யாரும் அவரைக் கொல்லவில்லை. செத்தவரைத் தூக்கி ஒருவர்மேல் ஒருவர் எறியாதீர்கள்!

அடுத்த வாரம் மறுபடி கை தூக்கப் போகிறோம். நான் மறைத்து வைக்க விரும்பவில்லை. என் கை கம்பெனிக்காக எழாது.

சத்தம் போடாதீர்கள். போடுங்கள், பரவாயில்லை. "துரோகி" என்று சொன்ன குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். நாளைக்குக் கடைக்கு வாருங்கள், பேசுவோம். உங்களை மாறச் சொல்லவில்லை. உங்களிடமும் வலுவான நியாயம் இருக்கிறது. அதைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். என் அண்ணன் மகன் போன மாதம் அந்த மூலைவரை ஓடித் திரும்பினான். பழைய வேகம் இல்லை, வராமலும் போகலாம். ஆனால் ஓடினான். அன்றே நான் மாறினேன்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? பிசியோ அம்மா வரும் நாளில் அறையைத் திறந்துவைப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் மைதானத்தைச் சமன்செய்வது என் பொறுப்பு. அடுத்த வாரம் எந்தப் பக்கம் தோற்றாலும், தோற்றவர்களின் வீட்டுப் படியை முதலில் ஏறுவது என் பொறுப்பு. என் பக்கமே தோற்றால், வென்றவர்களோடு சேர்ந்து நின்று கம்பெனி அணிக்கும் கத்துவேன். இதை அண்ணியின் முன்னால், அவர் மகள்களின் முன்னால் சொல்கிறேன். தவறினால் என் சட்டையைப் பிடியுங்கள்.

போன மாதம், நான் மாறியதைச் சொல்லக் கதவு அண்ணன் வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகிழ்வார் என்று நினைத்தேன். ஈரச் சட்டையை உதறிக்கொண்டே கேட்டார்:

"எனக்காகவா மாத்தினே?"

"ஆமா அண்ணே, உங்களுக்காகவும்தான்."

"அப்படின்னா வேணாம். நான் போயிட்டா திரும்ப மாத்திக்குவே."

படியிறங்கி வந்துவிட்டேன். அதன்பின் அவரோடு பேச வாய்க்கவில்லை.

அண்ணே, நீங்க போயிட்டீங்க. நான் மாத்திக்கலை.