மூத்த பிள்ளைக்கு வைக்கிற பேர்

இருக்கட்டும், கதவை நான்தான் சாத்தினேன். உள்ளே கிளாரினெட்டும் கூத்துமா இருக்கு, ஒரு வார்த்தை காதுல விழல. உக்காருங்க லூக்காஸ் அண்ணே. பாருங்க, உங்க சமையக்கட்டுல உங்களையே உக்காரச் சொல்றேன். பட்டாளத்துப் பழக்கம். ஆட்டுக்கறி பிரமாதம். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

நான் யாரா? கூப்பிடாத விருந்தாளி. பேரு பெரிக்லிஸ். மார்க்கெட் தெருவுல மிட்டாய்க்கடை வச்சிருந்தாரே ஸ்பானோஸ், அவரோட அக்கா பையன். பன்னண்டு வயசுல கழுத்துல பேரட்டை மாட்டி, கிரீஸ்லருந்து இங்க அமெரிக்காவுக்குக் கப்பல்ல ஏத்திவிட்டாங்க. மாமா கடையில பாதாம் பருப்புக்குச் சர்க்கரைப் பாகு பூசுற வேலை. இன்னிக்கு ஞானஸ்நானத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தீங்களே, அதேதான். ஸ்கூல்ல வாத்தியார், ஏதென்ஸை ஆண்ட ராசா பேருடா உனக்குன்னாரு. ராசா இல்ல சார், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுன்னு திருத்தினேன். முட்டியில அடி விழுந்துச்சு. திருத்துற புத்தி மட்டும் போகல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரெண்டுல அமெரிக்கப் பட்டாளம். உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தவனை ஒரு மேஜர் கூப்பிட்டு, உனக்கு கிரேக்கம் தெரியுமான்னாரு. எந்த நூற்றாண்டு கிரேக்கம்னு கேட்டேன். அதுக்கப்புறம் இருபது வருஷம் உளவுப் பிரிவு. போன மாசந்தான் ஓய்வு. அட, எதுக்கு அந்தக் கிளாஸைத் துடைக்கிறீங்க? இதோட மூணாவது தடவை.

நாம முன்னாடி பாத்திருக்கோம். ஞாபகம் வரலையா? அம்பதுல, ஜெர்மனி, அகதி முகாம். நீங்க தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்க. அமெரிக்கா போகத் தகுதியான ஆளான்னு விசாரிச்சது நான்தான். பேரு? லூக்காஸ். அப்பா பேரு? தோமாஸ். ஊர்க் கிணறு கோயிலுக்கு எந்தப் பக்கம்? பாதிரியாருக்கு எந்தக் கால் நொண்டி? ஒண்ணுகூடத் தப்பல. நல்ல மனுஷன்னு எழுதி முத்திரை குத்தினது இந்தக் கைதான்.

அதனாலதான் இன்னிக்கு ஆசையா கோயிலுக்கு வந்தேன். ரெண்டு பொண்ணுக்கு அப்புறம், நாப்பத்தஞ்சு வயசுல ஒரு பையன். சும்மாவா? கடைசி வரிசையில நின்னேன். பக்கத்துல நின்ன கிழவி, தோமாஸ்னுதான் வைப்பான்னு என்கிட்ட அடிச்சுச் சொன்னா. வேற என்ன வைக்க முடியும்? மூத்த பையனுக்கு அப்பனைப் பெத்தவர் பேரு. நாம நாட்டை விட்டாலும் விடுவோம், அதை விடமாட்டோம். ஞானத்தகப்பன் எண்ணெய்க் கையோட பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சு, அசிமாக்கிஸ்னு கத்தினாரு. கிழவி சிலுவை போட்டுக்கிட்டா.

யாரு, உங்க மாமனார் பேரா? இல்லையே, அவர் பேரு ஸ்பிரோ. உள்ளே மூணாவது கிளாஸ் ஒயினோட உக்காந்து, எங்கிருந்து புடிச்சான் இந்தப் பேரைன்னு உங்களைத் திட்டிக்கிட்டிருக்காரு. புனிதருக்கு நேர்ந்துக்கிட்டீங்களா? எந்தப் புனிதருக்கு? காலண்டர்ல அப்படி ஒருத்தர் கிடையாது அண்ணே. பாதிரியார்கிட்டயும் கேட்டுட்டேன். நான் கேக்காம விடுவேனா?

எழுந்திரிக்காதீங்க.

எனக்கு ஒரே ஒரு அசிமாக்கிஸைத் தெரியும். நேர்ல பாத்ததில்ல, கேள்விதான். கிரீஸ்ல எங்க மலைப்பக்கம் மாவு ஆலை வச்சிருந்தவரு. தங்கமான மனுஷன்னு சொல்லுவாங்க, பஞ்சத்துல ஏழைங்களுக்குச் சும்மாவே அரைச்சுக் குடுத்தாராம். நாப்பத்திநாலு கோடையில ரேடியோப் பெட்டியைச் சுமந்துக்கிட்டு மலையிலருந்து ஒரு ஊருக்குள்ள இறங்கினேன். மூணு நாள் தாமதம். ஜெர்மன்காரன் ஆம்பளைங்களைச் சதுக்கத்துல வரிசையா நிறுத்தியிருக்கான். தலையில சாக்கு மாட்டி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்ட ஒருத்தன் வரிசையோரமா நடந்து வந்திருக்கான். யாருக்கு நேரா நின்னு தலையாட்டுறானோ அவன் சுவத்துப் பக்கம் போகணும், சுடுறதுக்கு. பதினோரு தடவை ஆட்டினானாம். மூஞ்சி தெரியல. ஆனா பூட்ஸ் தையல்ல மாவு. பொம்பளைங்க கண்ணுக்குத் தப்புமா? ஆலைக்காரர் மகன் வாங்கெலிஸ்னு சொன்னாங்க.

எவ்வளவோ தேடினேன். அப்புறம் அந்த முகாம் பதிவேட்டுலயே பாத்தேன். வாங்கெலிஸ், அசிமாக்கிஸ் மகன், காசநோய், புதைச்சாச்சு. நிம்மதின்னு பேனாவை மூடி வச்சேன். பக்கத்துக் கட்டில்ல யாரு படுத்திருந்தான்னு நான் பாக்கல. பாக்காம விட்டேன், அது என் தப்பு. நிஜ லூக்காஸ் இருமி இருமி ஆறு மாசம் தன்னோட ஊரையே அவன்கிட்ட சொல்லியிருக்கான் போல. கிணறு, பாதிரியார், நொண்டிக் கால், எல்லாம். செத்தவனுக்கு உயிரோட இருக்கிறவன் பேரு, உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவன் பேரு.

பன்னண்டு வருஷம் ஒரு தப்பும் பண்ணல நீ. ஊர்க்காரங்க வந்தா வெளியில வரமாட்ட, போட்டோவுக்கு நிக்கமாட்ட. ஆனா உங்கப்பா பேரு இல்லாம அந்தப் பிள்ளையைத் தண்ணியில முக்க உனக்கு மனசு வரல. எனக்குப் புரியுது வாங்கெலிஸ். சத்தியமாப் புரியுது.

அழாத. பொண்டாட்டிக்கு இப்பவே தெரிய வேணாம். வாசல்ல சாம்பல் கலர் கார்ல ரெண்டு பேர் இருக்காங்க, குடியேற்ற இலாகா. பிள்ளையை ஒரு தடவை கையில வாங்கிக் கொஞ்சிட்டு வா, காத்திருப்பாங்க, நான் சொல்லியிருக்கேன். பின்பக்க வழியா? அங்கேயும் ஒருத்தர் நிக்கிறாரு.

என்ன கேட்ட? அந்தப் பதினோரு பேர்ல எனக்கு யாராவதா?

நாலாவது. எங்கப்பா. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அவர் பேரு என்னோட போகுது. கோட்டை மாட்டிக்கோ, வெளியில குளிருது.