ஒன்பது நாள் பயணம்

— கண்ணு என்ன நிறம்னு போடட்டும்?

— கறுப்புன்னு போடு மகராசி. இருபது வருஷமா குடும்பம் நடத்துற, இதைக்கூடக் கேட்டுத்தான் எழுதணுமா?

— நீங்க தூங்கும்போதுதான் உங்களைச் சாவகாசமாப் பார்க்க முடியுது. அப்போ மூடியில்ல இருக்கு. சரி, தொழில்?

— லிஃப்ட் மெக்கானிக். கொட்டை எழுத்துல போடு. நான் இல்லேன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு நிப்பான்.

— நம்ம கட்டடத்து லிஃப்ட் நாலு நாளா நிக்குது. அதையும் சேர்த்துப் போடட்டுமா?

— அது வேற கம்பெனி லிஃப்ட். நீ ஃபாரத்தைப் பாரு.

— பார்த்துட்டுத்தான் இருக்கேன். ‘நன்னடத்தை உள்ளவரா?’ ஆமான்னு போடுறேன். நல்லவேளை, பொண்டாட்டி சாட்சி சொல்லணும்னு கேட்கல.

— கிண்டல் அப்புறம். நாளைக்கு மூணு மணிக்குள்ள கவுண்டர்ல கொடுத்தாகணும். அடுத்த வாரம் பொண்ணுக்குப் பதினெட்டு முடியுது. அதுக்கு முன்னாடி என் மனு உள்ளே போனாத்தான் அவளையும் இந்த நாட்டுப் பிரஜையாச் சேர்த்துக்குவாங்க. தவறிச்சுன்னா அவ தனியா அஞ்சு வருஷம் காத்துக் கிடக்கணும்.

— ஆஸ்பத்திரியில பதினோரு வருஷமா ஃபைல் அடுக்குறவகிட்ட வந்து தேதி சொல்றீங்க பாருங்க. சரி, அடுத்த கட்டம். வெளிநாட்டுப் பயணம். அஞ்சு வருஷத்துல நூத்தம்பது நாளைத் தாண்டக் கூடாதாம்.

— எழுதிக்கோ. தங்கச்சி கல்யாணத்துக்கு அறுபத்தோரு நாள்.

— ஒரு கல்யாணத்துக்கு அறுபத்தோரு நாள். மாப்பிள்ளையே அவ்வளவு லீவு போடல.

— அப்பாவுக்குக் கை கால் விழுந்தப்போ எண்பத்தி நாலு நாள்.

— ஆமா. குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, எல்லாம் நீங்கதான் பார்த்தீங்க. அதை எழுத இதுல கட்டம் இல்ல. ஆக மொத்தம் நூத்தி நாப்பத்தஞ்சு. அடுத்தது, உங்கப்பா தவறினப்போ.

— இந்தப் பேனா மை மங்கலா விழுதே. வேற கொண்டு வரட்டுமா?

— பேனா நல்லாத்தான் இருக்கு. மாமா தவறினப்போ ஒம்பது நாள் போனீங்க. பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான். சேர்த்தா நூத்தி அம்பத்தி நாலு. நாலு நாள் இடிக்குதுங்க.

— அந்த ஒம்பது நாளை விட்டுடு.

— எப்படி விடறது? மறைச்சது தெரிஞ்சா மனுவையே தூக்கிப் போட்டுடுவாங்க. பொண்ணு பேரும் சேர்ந்து போயிடும். பாஸ்போர்ட்டை இப்படித் தள்ளுங்க, முத்திரையைப் பார்த்து எழுதுறேன்.

— இரு, ஒரு டீ போட்டுட்டு வந்துடறேன்.

— இருபது வருஷத்துல நீங்க டீ போட்டது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் ஏதோ தப்பு பண்ணிட்டு வந்து நின்னீங்க. உட்காருங்க.

— உட்கார்ந்துட்டேன் தாயே.

— பக்கம் பக்கமாப் புரட்டிட்டேன். அந்த மாசத்து முத்திரையே இல்லையே.

— இருக்காது.

— ஏன்?

— நான் போகல.

— ம்.

— மிச்சம் இருந்தது அஞ்சே நாள். போகவரவே மூணு நாள் ஓடிடும். போனா காரியமெல்லாம் முடிக்காம திரும்ப முடியாது. அப்புறம் பொண்ணோட கதி? அண்ணன் அங்கே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டார். நான் போன்ல அப்பா முகத்தை மட்டும் பார்த்தேன்.

— பெட்டியைத் தூக்கிட்டு எங்கேதான் போனீங்க?

— எங்கூட வேலை செய்யறானே மீசை, அவன் ரூமுக்கு. ஆபீஸ்லயும் ஒம்பது நாள் லீவு.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா, ஃபாரம் கிடக்குது, போய் அப்பாவைப் பாருங்கன்னு நீ பிடிச்சுத் தள்ளியிருப்ப. நானும் போயிருப்பேன்.

— தள்ளியிருப்பேன்தான்.

— வீட்டுல இருந்திருந்தா உன் முகத்தைப் பார்த்தே உடைஞ்சு போயிருப்பேன். பெத்த அப்பனுக்குப் போகாதவன்னு நினைக்கிறியா?

— அதை விடுங்க. ஒம்பது நாளும் எப்படி இருந்தீங்க?

— முதல் நாள் பச்சத்தண்ணி இறங்கல. சுவத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். மறுநாள்லேருந்து மீசைதான் வேளாவேளைக்குச் சுடச்சுடச் சோறு கொண்டுவந்து வச்சான். காரம் குறைச்சு, புளி தூக்கலா, நான் சாப்பிடற பக்குவத்துல. அவன் இவ்வளவு நல்லாச் சமைப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

— அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுங்க. ரெண்டாம் நாள் விடியும்போதே காலி டிபன் கேரியரோட நம்ம வாசல்ல வந்து நின்னாரு.