என்ன கலர் என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த எங்கள் பயிற்சியாளர் மாஸ்டரின் மனைவி, எங்கள் அக்கா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நிற்கும் என் அணித் தோழிகளே, வணக்கம்.

எனக்கு மைக் முன்னால் நின்று பழக்கமில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நீங்கள் பூ வைத்திருக்கும் அந்தப் பெரிய படத்தில் இருப்பவர் மாஸ்டர் இல்லை.

எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். அது கழகத்தின் பழைய அணிப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. கோப்பையைப் பிடித்திருப்பவர்தான் முக்கியமானவர் என்று நினைத்துவிட்டீர்களா? அவர் அன்றைய முன்கள ஆட்டக்காரர், இன்றைய நம் செயலாளர். படத்தின் ஓரத்தில் பாதித் தோளோடு தெரிகிறாரே, அவர்தான் மாஸ்டர். செயலாளர் தன் படத்துக்குத் தானே பூ வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா என் காதருகே சொன்னார்: "விடும்மா. அவரு இருந்திருந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் விளையாடியதெல்லாம் மூன்றாம் பிரிவில்தான். நடுக்களம். "கோல் போட்டவனுக்குப் பேப்பர்ல பேரு, பந்து குடுத்தவனுக்கு முட்டி வலி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முட்டி முழுவதுமாகத் தேய்ந்த பிறகு எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்.

அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பந்து காலுக்கு வருமுன் திரும்பிப் பார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அக்காவின் அடுப்படித் துணி ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார். பந்து வந்து சேர்வதற்குள் கேட்பார்: "என்ன கலர்?" தெரியவில்லை என்றால் எவ்வளவு அழகாக ஆடினாலும் கணக்கில் இல்லை. "பந்தையே மொறச்சுப் பாக்காதம்மா, அது உன்கிட்டதான் வருது. பின்னாடி யாரு நிக்கிறான்னு பாரு." எனக்குத் தெருவிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. என் அம்மா பயந்துபோனார். "ஏண்டி, யாராச்சும் தொரத்துறானா?"

அப்படிப்பட்டவரை, கழக நிர்வாகிகளே, நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள்?

மைதானத்தில் எங்கள் மாலைப் பயிற்சி நேரத்தை வெளி அணிக்கு வாடகைக்கு விட்டீர்கள். மாஸ்டர் அலுவலகத்துக்கு வந்து கேட்டபோது நானும் கூட இருந்தேன். செயலாளர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பொண்ணுங்கதானே, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஓரமா ஆடிக்கட்டும் சார்." அந்த ஓரத்தில் வண்டிகள் நிற்கும். ஜல்லி கிடக்கும். தேய்ந்த முட்டியோடு குனிந்து அந்த ஜல்லியைக் கூட்டித் தள்ளியவர் மாஸ்டர். சற்றுமுன் இதே மைக்கில், "அந்தப் பிள்ளைகள் அவருடைய கண்கள்" என்று நெகிழ்ந்து பேசினீர்கள். மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதாகவும் சொன்னீர்கள். அவரை அடக்கம் செய்த மறுநாள் நாங்கள் போனபோது கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பெயர் அவருக்கு, பூட்டு எங்களுக்கா? இதற்குக் கண்ணீர் வேறா?

பெயர்ப் பலகை வேண்டாம். அந்த மாலை நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

நாளை மாலை நாங்கள் வருவோம். கேட் திறந்திருந்தால் உள்ளே ஆடுவோம், பூட்டியிருந்தால் கேட்டுக்கு முன்னால் தெருவில் ஆடுவோம். சின்னப் பிள்ளைகளுக்கு இனி நான் பின்னால் நிற்பேன். துணிகளை அக்கா துவைத்து வைத்திருக்கிறார். மாஸ்டர் விட்டுப்போன வேலை ஒரு நாள்கூட நிற்காது. இது அவருக்கு நாங்கள் தரும் உறுதி.

சபையில் இருப்பவர்களே, ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சுவரோரம் என் தோழிகள் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

செயலாளர் அவர்களே, நீங்கள் திரும்பக்கூட வேண்டாம். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் போதும்.

என்ன கலர்?